குற்றாலம் வாசலுக்கு வரும்

எங்கள் குடும்பம் வெளி மாவட்டச் சுற்றுலா போகும் தகுதியைப் பெற்றது 1986 அக்டோபர் 20ஆம் தேதி. அதற்காக யாரும் பெட்டி கட்டவில்லை. அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, எங்கள் ஊர் கொற்கை இருக்கும் கிழக்குப் பக்கத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை பெரிய லீவுக்கு அம்பாசமுத்திரத்து அத்தை வீட்டுக்குப் போய்வந்தது உள்ளூர்க் கணக்கில்தான் இருந்தது. அதற்குப் பிறகும் அதே அத்தை, அதே திண்ணை, அதே சுண்டல். ஆனால் நாங்கள் மாவட்டம் தாண்டி வந்த விருந்தாளிகள். 2019 நவம்பரில் தென்காசியையும் தனி மாவட்டமாக்கியபோது குற்றாலம் இன்னும் ஒரு எல்லை தள்ளிப் போயிற்று. பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்ட எங்கள் அப்பாவால் முடியாததை அரசிதழ் செய்து முடித்தது.

அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஆறே அப்படி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணி, 1986 வரைக்கும் சொந்த மாவட்டத்திலேயே பிறந்து சொந்த மாவட்டத்திலேயே கடலைக் கண்டுகொண்ட ஆறு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஊர் சுற்றும் புத்தி எங்கிருந்து வரும்?

ஜூன் பிறந்து சாரல் கட்டியதும், பக்கத்து ஏரல் கடைத்தெருவில் “பேரருவியில ஆள் நிக்க முடியல, அம்புட்டுத் தண்ணி” என்று பேச்சு கிளம்பிவிடும். அன்று சாயங்காலம் நாங்கள் அம்மாவை முன்னால் தள்ளி, பின்னால் நிற்போம். அப்பா வாழைத்தோட்டத்திலிருந்து வந்து மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொள்வார். கோபப்பட மாட்டார். பூகோளப் பாடம் எடுப்பார்.

“ஏல, குத்தாலத்துல விழுற தண்ணி எங்க போகுது?”

“சிற்றாத்துக்குப்பா.”

“சிற்றாறு?”

“சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேருது.”

“அது?”

“ஸ்ரீவைகுண்டம் அணைக்கு வருது.”

“அங்கேருந்து வடகால் வழியா நம்ம கொளத்துக்கு வந்துருதுல்லா? நம்மளத் தேடி வார தண்ணிக்கு நாம எதுக்கு டிக்கெட் எடுக்கணும்? ரெண்டு மூணு நாள் பொறு. வந்துரும். குளிப்போம்.”

இதில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது. 1870களில் அணையைக் கட்டிய வெள்ளைக்காரனும் அப்பாவுக்குச் சாதகமாகத்தான் கட்டிவைத்திருந்தான். அம்மா ஒருமுறை, “கால்வாயில வார தண்ணி தலையில விழாதுல்லா?” என்று கேட்டுப் பார்த்தாள். “மடைக்குக் கீழ உக்காரு, விழும்” என்றார் அப்பா. குற்றாலத்தில் பேரருவி விழுந்து பொங்கும் பாறைக்குழிக்குப் பொங்குமாகடல் என்று பெயர். மலைமேல் இருக்கிற குழிக்கே கடல் என்று பெயர் வைத்து ஆட்களை வரவழைக்கிறார்கள்; உள்ளபடியே கடல் இருந்த எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ப் பல்லிளிப்பதா என்பது அவர் மனத்தில் இருந்த உண்மையான வருத்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் போக மட்டும் அவருக்குத் தடையில்லை. அக்காவைப் பார்ப்பது வெளிக்காரணம். உள்காரணம் விதைநெல். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ‘அம்பை 16’ ரகத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை பெற்ற பிள்ளைகள் மேல் இருந்ததில்லை. அது குட்டையாக நின்று மூட்டை மூட்டையாகக் கொடுத்தது. நாங்கள் நெட்டையாக வளர்ந்து சோறு மட்டும் தின்றோம்.

ஏரலில் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம், அங்கே திருச்செந்தூரிலிருந்து வரும் பாசஞ்சர், திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி செங்கோட்டை வண்டி. எல்லாம் மீட்டர்கேஜ். இந்தத் தூரத்துக்கு அம்மா கட்டும் கட்டுச்சோற்றைப் பார்த்தால், பாளையங்கோட்டைக்கு அப்பால் மனித நடமாட்டம் இல்லை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் பொதிந்த இட்லி, புளியோதரை, அதற்குத் துவையல், முறுக்குச் சம்படம். இவை போதாதென்று கூஜாவில் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரைக் கூஜாவில் அடைத்து, தாமிரபரணிக் கரையோடே பயணம் செய்து, தாமிரபரணிக் கரையில் இருக்கிற இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவாள். “ஊர் மாறினா தண்ணி ஒத்துக்காது” என்பது அவள் கட்சி.

மாமா அந்தக் கூஜாவைப் பார்த்துச் சிரிப்பார். “மச்சான், நாங்க குளிச்சு அனுப்புற தண்ணியத்தான் நீங்க அங்க குடிக்கிய. அத மறுபடி இங்கயே தூக்கிட்டு வந்திருக்கிய.” அப்பா அசரமாட்டார். “நீங்க அனுப்புறதுல உள்ள வண்டலுக்குத்தான் அத்தான் எங்க வாழை தார் விடுது. நிறுத்திராதிய.” இரண்டு பேரும் வருஷா வருஷம் இதே இரண்டு வசனத்தைப் பேசிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

அத்தை மகன் எங்கள் ஊருக்கு வந்த லீவைப் பற்றி எழுதாமல் விட முடியாது. எங்களுக்கு அம்பை எப்படியோ அவனுக்குக் கொற்கை அப்படி. சொல்லப்போனால் அதைவிடப் பெரிய கனவு. வரலாற்றுப் பாடத்தில் கொற்கை பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர் பெற்றது என்று படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தான். துவைத்த கால்சட்டைகளோடு ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்தான். முத்துக்கு. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வாழை, வயல், குளம்.

திண்ணையில் இருந்த தாத்தாவிடம், “தாத்தா, கடல் எங்க?” என்றான்.

“போயிட்டு.”

“எங்க போயிட்டு?”

“கிழக்க.”

“எப்ப வரும்?”

தாத்தா கொஞ்சம் யோசித்தார். பையனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “சொல்லிட்டுப் போகலயே, மக்கா” என்றார்.

தாத்தா சொன்னது சரிதான். எங்கள் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கடல் போன பின்னால் துறைமுகத்துக்கு என்ன வேலை? அதுவும் எழுந்து பழையகாயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ பார்த்துப் பாராட்டி எழுதியது காயலைத்தான். அதையும் ஆறு தூர்த்ததும் கடைசியில் தூத்துக்குடி. ஆக, கொற்கைக்காரர்கள் வெளியூர் போவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதர்கள்தான் போவதில்லை. கடல் போயிருக்கிறது, துறைமுகம் போயிருக்கிறது, இரண்டும் திரும்பவில்லை.

அத்தை மகன் அழுதான். லீவு முடியுமட்டும் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது புரிந்ததும் இன்னும் கொஞ்சம் அழுதான். அவனுக்கு அப்போது சொல்ல எனக்குத் தெரியாத ஒரு தகவல் உண்டு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. விருப்பமில்லாதவர்களைக் கொற்கைக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷ வயது. அவன் கடைசிக் கைதி, அவ்வளவுதான். போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் குளத்து நத்தை ஓடுகளை அள்ளிக்கொண்டு போனான். அம்பையில் அதை என்னவென்று சொல்லிக் காட்டினான் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். குளத்துக்குள்ளே வெற்றிவேல் அம்மன் கோயில் இருக்கிறது. சிலப்பதிகாரம் சொல்கிற கொற்கைப் பாண்டியன் வெற்றிவேற் செழியனின் பெயரைச் சுமப்பது. கண்ணகிக்கு உரியது என்பார்கள். குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். ஒரு வன்னிமரம் இருக்கிறது. அதற்கு ரெண்டாயிரம் வயது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அக்கசாலைப் பிள்ளையார் இருக்கிறார். பாண்டியர் காசு அடித்த அக்கசாலையின் பெயரில் குடியிருந்தும், அவர் உண்டியலில் நாங்கள் போட்டதெல்லாம் பத்துப் பைசா.

இவற்றையெல்லாம்விட எங்கள் ஊரின் பெரிய காட்சிப்பொருள் பள்ளம். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் வந்து தோண்டினார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. ஒன்பது வரிசைச் செங்கல் கட்டுமானம், உறைகிணறு, முத்துச்சிப்பி ஓடுகள், பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. கிடைத்த கரித்துண்டைச் சோதித்துக் கி.மு. 785 என்று காலம் சொன்னார்கள். 2021இல் மறுபடி தோண்டினார்கள். பக்கத்து ஊர்களில் சினிமா பார்க்கப் போவது மாதிரி எங்கள் ஊரில் குழி பார்க்கப் போவோம். எங்கள் ஆச்சி அந்தக் காலத்துக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாளாம்: “நம்ம வீட்ல ஒடஞ்ச பானையக் குப்பையில போட்டோம். அத இவ்வளவு பத்திரமா பொறுக்குதானுவ.”

வருஷத்தில் ஒருநாள் மட்டும் எங்களுக்கு அசல் சுற்றுலா நாள். ஆடி அமாவாசை, ஏரல் சேர்மன் சாமி கோயில். அருணாசல சுவாமி ஏரலில் சேர்மனாக இருந்தவர்; 1908இல் ஆடி அமாவாசையன்று சமாதி ஆனவர். பதவிப் பெயரோடு தெய்வமான இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை. இன்றைய சேர்மன்கள் மாலை மரியாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம், வளையல் கடை, ராட்டினம், மிட்டாய்க் கடை. அப்பா அன்று மட்டும் கணக்குப் பார்க்காமல் காசு எடுப்பார். நடந்து போய் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் அந்தத் தாராளத்துக்குக் காரணம்.

அம்மாவின் கனவு ஊட்டி. எண்பதுகளில் வந்த எந்தப் படத்திலும் காதல் பிறந்ததும் ஊட்டியில்தான் பாடுவார்கள். எங்கள் பட்டாசாலைச் சுவரில் உரக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் தேயிலைத் தோட்டம். வருஷம் முடிந்தும் அம்மா அதைக் கழற்றவிடவில்லை. “ஊட்டியா? பனியில நின்னா மூட்டு பிடிச்சுக்கிடும்” என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். மாஞ்சோலைக்காவது போகலாம் என்றால், அங்கிருந்து வரும் தண்ணீர் மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணிக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் அதே பூகோளப் பாடம்.

இப்போது என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் தலைமுறைக்கு லீவு என்றால் பாலி, மாலத்தீவு. வருகிறபோதெல்லாம் போனில் கடற்கரைப் படங்களைக் காட்டி, “அப்பா, இந்தத் தண்ணியப் பாருங்க” என்கிறாள். நான் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுத் தொலைப்பேனோ என்று என் மனைவி அவசரமாகக் காபி கொண்டுவருவாள். 2021இல் கொற்கையிலிருந்து தொடங்கிக் கடலுக்கடியில் ஆய்வு நடக்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது மட்டும் எனக்கு அவளிடம் பேச ஒரு விஷயம் கிடைத்தது. போன கடலைத் தேடி அரசாங்கமே ஆள் அனுப்புகிறது, பார்த்தாயா என்றேன். தோண்டி எடுத்த பானை ஓடுகளும் எங்களைப்போல் அடங்கிக் கிடப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்தில் அவற்றுக்குத் தனி இடம். எங்கள் வீட்டுக் குப்பை அடுத்த மாவட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

2023 டிசம்பரில் வந்த தண்ணீரைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வராது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. எல்லாத் தண்ணீரும் நம்மைத் தேடித்தான் வரும் என்ற அப்பாவின் வாக்கு அந்த ராத்திரி பலித்தது. அதைச் சொல்லிச் சிரிக்க அவரும் இல்லை, எங்களில் யாரும் சிரிக்கவும் இல்லை. வாழை முழுக்கப் போயிற்று. காலண்டர் மாட்டியிருந்த சுவரும் போயிற்று.

வீட்டைச் சரிசெய்து குடியேறின பிறகு மகள் ஒருநாள் ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, “ஆச்சி, ஊட்டி போவோமா? கார்லயே போயிரலாம்” என்றாள். அம்மாவுக்கு வயது எண்பதைத் தொடப்போகிறது. மூட்டுவலி அப்பா சொன்னபடியே வந்துவிட்டது, ஊட்டிக்குப் போகாமலே. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

“அங்க என்னல ஆறு ஓடுது?”

“பைக்காரா.”

“அது எங்க போகுது?”

“மோயாறும்மா. அங்கேருந்து பவானி. பெறவு காவிரி.”

“காவிரி நம்ம பக்கம் வருமா?”

“எங்கேருந்து வரும்? அது பூம்புகார் போய்க் கடல்ல விழுது.”

“அப்ப அந்தத் தண்ணி நம்ம கொளத்துக்கு வரவே வராது?”

“வரவே வராது.”

அம்மா பேத்தியின் பக்கம் திரும்பி, “அப்ப நாமதான் போவணும். உங்க தாத்தாவே ஒண்ணும் சொல்ல முடியாது. கார்ல முன்சீட்டு எனக்கு” என்றாள்.