கிளுவை வேலியில் கிடந்த கொடி

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண் பூமியில் கொல்லைக்கு வேலி என்றால் ஒரு காலத்தில் கிளுவைதான். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் போதும், சில வருஷத்தில் ஆடு நுழைய முடியாத முள்வேலி ஆகிவிடும். கோடையில் இலை உதிர்ந்து வெறும் சுள்ளியாக நிற்கும், முதல் மழைக்குப் பச்சை கட்டும். அந்த வேலியின் மேல் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் எத்தனை கொடிகள் ஏறின! கோவை, முடக்கத்தான், பிரண்டை, தூதுவளை, குன்றிமணி, சிறுகுறிஞ்சான். இத்தனைக்கும் மேலே, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வேலிப்பருத்தி.

உத்தாமணி என்றும் அதைச் சொல்வார்கள். இதய வடிவ இலை. தண்டிலும் இலையிலும் மெல்லிய சுணை. கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும், கிள்ளினால் பால் வடியும். வெளிர்பச்சையும் வெள்ளையும் கலந்த சின்னப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். காய் இரண்டிரண்டாக, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து, மேலெல்லாம் மெத்தென்ற முள்ளோடு இருக்கும். முற்றி வெடித்தால் உள்ளே பட்டு போன்ற பஞ்சு. ஒவ்வொரு விதைக்கும் ஒரு குஞ்சம். ஊதினால் விதை வயலைத் தாண்டிப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதை ஊதி யாருடையது தூரம் போகிறது என்று பந்தயம் கட்டாத பிள்ளை எங்கள் ஊரில் இருந்திருக்க முடியாது.

அந்த நாளில் அதற்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். வேலி கட்டும் மாதம் வந்தால் என் அப்பா அரிவாளோடு இறங்குவார், முதலில் அறுபடுவது வேலிப்பருத்தி. "இதை விட்டா கிளுவையையே மூடி அழுக வச்சிரும்" என்பார். அறுத்த கொடியை வண்டிப்பாதையில் போட்டு மிதிப்போம். பத்து நாளில் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அப்பத்தா மட்டும் அதை வேண்டியதாகப் பார்த்தார். பச்சைப் பிள்ளைக்கு மாந்தம் என்றால் நாலு இலை பறித்து வரச் சொல்வார். மூட்டு வீங்கினால் இலைச்சாற்றில் சுண்ணாம்பு குழைத்துப் பூசிக்கொள்வார். அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு: "டேய் தம்பி, பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும், கையைக் கழுவிட்டு வா." பட்டாம்பூச்சியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வேலியோரம் நடந்தால் அவை முகத்தில் மோதுகிற மாதிரிப் பறக்கும்.

இன்று புதுக்கோட்டை நகரத்தில், மகள் வீட்டு மொட்டை மாடியில், அதே வேலிப்பருத்தியை நான் தொட்டியில் வைத்து, கயிறு கட்டி ஏற்றுகிறேன். ஒரு நாற்றங்காலில் கேட்டபோது அங்கிருந்தவர் முதலில் சிரித்தார். "ஐயா, வேலியில கெடக்குறதை யாரு காசு குடுத்து வாங்குவா?" அவரிடம் பட்டாம்பூச்சிச் செடி என்ற பெயரில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற வேறொரு பால்செடி இருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட செடி அது. கொஞ்ச காலம் கழித்துப் போனபோது கறுப்புப் பையில் வேலிப்பருத்தியும் நின்றது, விலையோடு. கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஒரு கொடி விலைக்கு வருகிறது என்றால் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டாம்பூச்சி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பூச்செடியாக வாங்கி அடுக்குகிறார்கள். பூ வேண்டியதுதான், ஆனால் பூ அதற்குச் சாப்பாட்டுக்கடை மட்டுமே. முட்டையிட்டுப் பிள்ளை வளர்க்க அதற்கு இலை வேண்டும், அதுவும் குறிப்பிட்ட இலை. வெந்தய வரியன் என்று ஒன்று உண்டு, ஆரஞ்சு நிறச் சிறகின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளைப் பொட்டுமாக. எருக்கு, வேலிப்பருத்தி போன்ற பால் வடியும் செடிகளில்தான் அது முட்டையிடும். நீல வரியனுக்குக் கொடிப்பாலை போன்ற பால்கொடிகள் வேண்டும். இந்த இலைகள் இல்லாத ஊரில் எத்தனை ரோஜா வைத்தாலும் அவை வந்து குடித்துவிட்டுப் போகுமே தவிர, பெருகாது.

மாடியில் வைத்த கொடியில் அதை உட்கார்ந்து பார்க்க முடிகிறது. தாய்ப்பூச்சி இலைக்கு அடியில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறது. சில நாளில் வெளியே வரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்கிறது. வளர வளர உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு நீட்டல்கள். நான் வெகுநேரம் பார்த்தது அது இலையைத் தின்னத் தொடங்குகிற விதத்தை. எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. நரம்பை முதலில் கடித்து, பாலை அங்கேயே வடியவிட்டு, அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்கிறது. பசை மாதிரி ஒட்டும் அந்தப் பால் சின்னப் புழுவின் வாயையே அடைத்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. பாலில் உள்ள நஞ்சு, இதயத்தைத் தாக்குகிற வகை. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்த அந்த நஞ்சைப் புழு தன் உடம்பில் சேமித்துக்கொள்கிறது, பூச்சியான பிறகும் அது தங்குகிறது. தின்ற பறவை வாந்தி எடுக்கும், அடுத்த முறை அந்த ஆரஞ்சு நிறத்தைத் தொடாது. இதே குடும்பத்து அமெரிக்க மோனார்க் பூச்சியை நீல ஜே பறவைகளுக்குக் கொடுத்து, 1960களில் லிங்கன் பிரவர் என்ற அறிவியலாளர் இதை நிரூபித்தார்.

இன்னொரு பூச்சி இருக்கிறது. அதன் புழு தின்பது வேலிப்பருத்தி அல்ல, நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரை. உடம்பில் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண் பூச்சி அச்சு அசல் வெந்தய வரியன் நிறத்திலேயே இருக்கும். பறவை ஏமாந்து விலகிப் போகும். கொல்லையில் வேலிப்பருத்தி இல்லாமல் போனால் வெந்தய வரியன் குறையும், அது குறைந்தால் இந்தக் கீரைப் பூச்சியின் வேஷத்துக்கும் மதிப்புப் போய்விடும். ஒரு கொடியை அறுத்தால் எவ்வளவு தூரம் போய் விழுகிறது பாருங்கள்.

பூவுக்குள் நடக்கும் காரியம் இன்னும் நுட்பமானது. மற்றப் பூக்களில் மகரந்தம் தூளாகக் கிடக்கும், வண்டு உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும். பால்செடிக் குடும்பத்தில் தூள் கிடையாது. மகரந்தம் முழுவதும் மெழுகு போலத் திரண்டு, இரட்டைப் பொட்டலமாக, நடுவில் ஒரு நுண்ணிய கவ்வியோடு இருக்கும். தேன் குடிக்க வரும் ஈயின் கால் பூவிலுள்ள பிளவில் வழுக்கி விழும், இழுக்கும்போது கவ்வி காலைப் பிடித்துக்கொண்டு பொட்டலத்தோடு வெளியே வரும். அடுத்த பூவில் அதே மாதிரிக் கால் நுழைந்தால்தான் காய் பிடிக்கும். சிறிய ஈக்கள் காலை இழுக்க முடியாமல் பூவிலேயே மாட்டிச் செத்துப்போவதும் உண்டு. கொத்துக் கொத்தாகப் பூத்தும் கொடியில் சில காய்களே பிடிப்பதை இந்த ஏற்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். பிரிட்டனைச் சேர்ந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1831இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்த கட்டுரை இந்தக் குடும்பத்தையும் ஆர்க்கிட் குடும்பத்தையும் பற்றியதுதான். செல்லின் உட்கருவுக்கு நியூக்ளியஸ் என்று அவர் பெயர் வைத்ததும் அதே ஆய்வில். எருக்கம்பூவில் இந்த மகரந்தப் பொட்டலத்தைச் சுலபமாகப் பார்க்கலாம், பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்து எழும்பும்போது காலைக் கவனித்தால் மஞ்சள் பொட்டலம் தெரியும்.

இதையெல்லாம் நான் வெறும் ரசனைக்காகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாகல், பீர்க்கை, புடலை, பூசணி போடுகிற ஊர். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்றுள்ள பயிர்கள். வண்டு வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். முன்பு இதை யாரும் பேசியதில்லை. இப்போது காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் கையால் தொட்டு வைக்கிறவர்களைப் பார்க்கிறேன், தேனீப் பெட்டி கொண்டுவந்து வைக்கிறவர்களையும் பார்க்கிறேன். வெள்ளரிக் கொல்லைக்குள் வேலை செய்த வண்டு வருஷம் முழுக்க வெள்ளரியைத் தின்று வாழவில்லை. வெள்ளரி இல்லாத மாதங்களில் அதற்குச் சோறு போட்டது வேலிதான். கோவைப்பூ, முடக்கத்தான் பூ, கிளுவைப்பூ, வேலிப்பருத்திப்பூ என்று ஒன்று ஓய்ந்தால் ஒன்று வந்தது.

வேலி போனது ஒரே நாளில் அல்ல. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது 1974இல். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் காடுகளில் தைலமரம் வரிசை வரிசையாக நின்றது. பழைய முட்காட்டில் கொடி ஏறியது மாதிரி தைலமரத் தோப்பில் ஏறி நான் கண்டதில்லை. சீமைக்கருவேல் தரிசுகளைப் பிடித்தது. பிறகு நிலத்தின் விலை ஏறியது, எல்லை ஒரு சாண் நகர்ந்தாலும் சண்டை வந்தது, கிளுவையைப் பெயர்த்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. விழுந்த மரத்தை அள்ள வந்த இயந்திரம் எங்கள் ஊரில் மிச்சமிருந்த உயிர்வேலியையும் சேர்த்து அள்ளிவிட்டது. அதன் பிறகு எழும்பியது எல்லாம் கம்பியும் ஹாலோபிளாக்கும். கம்பியின் மேல் வேலிப்பருத்தி ஏறும், தாராளமாக ஏறும். ஆனால் கம்பி வேலிக்கு அடியில் இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். அரிவாளுக்குத் துளிர்த்த கொடி மருந்துக்குத் துளிர்ப்பதில்லை. என் அப்பாவின் அரிவாள் அந்தக் கொடிக்குப் பகை என்று நினைத்திருந்தோம். வருஷா வருஷம் வெட்டி வெட்டி இளந்துளிர் விடவைத்தது அதுதான், புழுவுக்கு வேண்டியதும் இளந்துளிர்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. சோளக்காட்டிலும் சோயாக்காட்டிலும் களை என்று அடித்து ஒழித்த பால்செடிகளை இப்போது மோனார்க்குக்காக வீட்டுத் தோட்டத்தில் விதைக்கிறார்கள். நம் வேலிப்பருத்தி போலவே முரட்டுத்தனமாக ஏறும் ஹனிவைன் என்ற கொடியும் அவற்றில் ஒன்று. அங்கே கிடைத்த பாடம் ஒன்று நமக்கும் ஆகும். கண்ணுக்கு அழகான வெளியூர்ப் பால்செடியை நட்ட வெப்பமான பகுதிகளில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நின்று, மோனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் பெருக இடம் கொடுத்தது. அதனால் அந்தந்த ஊர்ச் செடியையே நடுங்கள் என்கிறார்கள்.

நட விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். காய் பழுப்பேறி வெடிக்கப் போகும் சமயத்தில் பறித்துக் காகிதப் பையில் போட்டு வையுங்கள், இல்லையென்றால் பஞ்சு வீடெல்லாம் பறக்கும். குஞ்சத்தை நீக்கி, செம்மண்ணில் மேலாக விதைத்தால் போதும். உரம் வேண்டாம். வெயில் வேண்டும், ஏற ஒரு கம்பி வேண்டும். எலுமிச்சைக் கன்றின் மேல் விடாதீர்கள், மூடிவிடும். மழைக்காலம் முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். தண்டில் மஞ்சள் அசுவினி அப்பும். மருந்து அடித்தால் புழுவும் சாகும், அதனால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். இலையில் ஓட்டை விழுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், அதற்காகத்தான் வைத்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கை எட்டாத இடத்தில் வையுங்கள். அப்பத்தா கொடுத்த மாதிரி நீங்களாகச் சாறு பிழிந்து யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது நஞ்சுள்ள கொடி.

பக்கத்தில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ தானாக முளைத்தால் பிடுங்காமல் விடுங்கள். வரியன்களின் ஆண் பூச்சிகள் அவற்றின் காய்ந்த இலையைக் கீறி ஒரு சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெண்ணைக் கவரும் வாசனையை அதைக் கொண்டுதான் உண்டாக்கும்.

மாடித்தொட்டியால் மட்டும் ஆகிற காரியம் இது அல்ல. ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பியிடம் இதைத்தான் பேசுகிறேன். "கெழக்கோரம் கம்பிக்குக் கீழ மருந்து அடிக்காதப்பா, அரிவாளால வெட்டு, வேணுங்குற கூலியை நான் தர்றேன்." "பக்கத்துக் கொல்லைக்காரன் வெத பறக்குதுங்குறாண்ணே" என்றான். பறக்கத்தான் செய்யும். அந்தக் கொல்லைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் பாகல் போட்டிருந்தார், பிஞ்சு உதிர்கிற கவலையில் இருந்தார். கிழக்கு வேலியை இந்த ஒரு வருஷம் விட்டுப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். ஆடி மழைக்கு அந்த ஓரத்தில் கிளுவைப் போத்தும் ஊன்றப்போகிறோம். அய்யனார் கோயில் காட்டில் பழைய கிளுவை இன்னும் நிற்கிறது. பூசாரியிடம் கேட்டு அங்கிருந்து போத்து வெட்டலாம் என்று தம்பி சொல்கிறான்.