கார் எங்கே என்று கேட்காத சட்டம்

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கார் ஷெட் கட்டத் திட்ட அனுமதி பெரும்பாலும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டு ஆணை தந்த தாராளம் அது. நிபந்தனைகள் மட்டும் உண்டு. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தள்ளிக் கட்டினால் இருபுறச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டர், மற்றதற்கு 3. வீட்டின் முகப்பைத் தாண்டி முன்னே நீளக் கூடாது. மூல வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் நிற்கக் கூடாது. எது மூல வீடு? 1948 ஜூலை 1 அன்று நின்றது; பிறகு கட்டியதென்றால் முதலில் கட்டியபடி. ஆக, தாத்தா இழுத்துக் கட்டிய சமையலறையும் பேரனின் ஷெட் கணக்கில் வந்து உட்காரும்.

அடுத்த வீட்டு வெளிச்சத்தைக் காக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், வெயில் அபூர்வமான ஊரில் அது நியாயமே. உயர வரம்பில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இத்தனை அளந்த சட்டம், உள்ளே கார் நிற்குமா என்று கேட்பதில்லை. வீட்டு உபயோகத்துக்குத் துணையாக இருந்தால் போதும். பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும் தாராளமாகக் குடியேறலாம், கார் தெருவில் நனையலாம். கட்டட விதிகளுக்கோ கவலை வேறு: 15 சதுர மீட்டருக்குள் இருந்தால் விலக்கு, உள்ளே படுக்கை வசதி மட்டும் கூடாது. பாதுகாக்கப்பட்ட பழம்பகுதியில் வீட்டின் பக்கவாட்டில் கட்டுகிறவர்களுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை என்ற சலுகை இல்லை. அவர்கள் முதலில் விண்ணப்பம் போடட்டும்.