மதுரை அஞ்சல் எண்களில் பகாமை: கோ.புதூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுரை அஞ்சல் குறியீட்டு எண்களைப் பற்றி இதுவரை எழுதியவர்கள், அவற்றைக் கடித உறையில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்கக் குறியீடு வந்து அரை நூற்றாண்டு ஆகியும், 625001 முதல் 625023 வரையான மாநகர வரிசையில் பகா எண் எது என்ற கேள்வி அநாதையாகக் கிடந்தது. முன்னாய்வுகள் இல்லை, ஆகவே மறுப்பாரும் இல்லை.

முறையியல் எளிது. 2 தொடங்கி 787 வரையுள்ள 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எவ்வளவு பெரிய எண்ணையும் சோதிக்க, கான்பூர் ஐ.ஐ.டி.யின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002-இல் தந்த வழி உண்டு. புதூருக்கு அது வேண்டியதில்லை. ஒரு ரஃப் நோட்டும் கரண்ட் போன ஒரு மத்தியானமும் போதும்.

தேறியது ஒன்றே ஒன்று: 625007, கோ.புதூர். இந்த அளவு எண்களில் சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்று பகா எண்; மதுரைக்கு இன்னொன்று கிடைத்திருக்கலாம். மீனாட்சியம்மன் கோயிலின் 625001-ஐ 13, 131, 367 பங்குபோட்டுக்கொண்டன. உயர்நீதிமன்றக் கிளையின் 625023 மூன்றால் வகுபடும், மேல்முறையீடு கிடையாது. பல்கலை நகரின் 625021 மட்டும் 613 வரை எதற்கும் மசியாமல் போக்குக் காட்டி, 617-இல் விழுந்தது. அது 617 × 1013. இப்படி இரண்டு பகா எண்களைப் பெருக்கி ஒளித்துவைப்பதுதான் ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையாக்கப் பூட்டு. அங்கே நூற்றுக்கணக்கில் இலக்கங்கள். காமராசர் பல்கலைக்கழகம் ஆறோடு திருப்தி அடைந்துவிட்டது.

தல்லாகுளத்தைப் பார்த்தால்தான் புதூரின் அருமை விளங்கும். 625002 = 2 × 3 × 7 × 23 × 647. அத்தனை ரூபாய் பூர்வீகச் சொத்து இருந்தால் இருவர், மூவர், எழுவர், ஏன், 23 பங்காளிகள்கூடச் சண்டையின்றிப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் கூடி 625007 ஆகட்டும்: ஒற்றை வாரிசு வேண்டும், அல்லது ஆளுக்கொரு ரூபாயாக 625007 பங்காளிகள் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மூன்றுமாவடி, புதூர் கடந்தே தல்லாகுளம் சேர்கிறார். பகாவிலிருந்து பகுவுக்கு ஆண்டுதோறும் நடக்கும் இந்த எழுந்தருளலை எண் கோட்பாட்டாளர் எவரும் கண்டுகொள்ளவில்லை.

625007-ஐ 4-ஆல் வகுத்தால் 3 மிஞ்சும். அத்தகைய எண்ணை இரண்டு சதுர எண்களின் கூட்டலாக எழுதவே முடியாது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதி போட்ட ஊரோடு ஒட்டாத குணம் இது. புதூர் வைகைக்கு வடக்கே ஒதுங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் கருதுகோள். (625001-ஐயும் அப்படி எழுத முடியாது என்பதை எதிர்த்தரப்பு கவனிக்கும்வரை இது செல்லும்.)

2024 அக்டோபரில் கண்டறிந்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பெரியதுதான். ஆனால் அந்த முகவரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்ப முடியுமா?

சுற்றுவட்டாரத்தில் மேலூர் 625106, திருமங்கலம் 625706, உசிலம்பட்டி 625532 மூன்றும் இரட்டை எண்கள். ஆய்வு தொடங்குமுன்பே வெளியேறின. அலங்காநல்லூர் 625501 மட்டும் நம்பிக்கை தந்தது. 2, 3, 5 என்று 23 வரை வந்த அத்தனை பேருக்கும் திமிலைக் கொடுக்கவில்லை. 29 தாவி அணைத்துவிட்டது.