எட்டில் செவ்வாய், சுவரில் கடிகாரம்

கிரகச் சேர்க்கை என்பது இரண்டோ அதற்கு மேற்பட்டோ கிரகங்கள் ஒரே இராசியில் நிற்பது. வானத்தில் அவை கோடிக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். சாதகக் கட்டத்தில் ஓர் அறையில் அகப்பட்டால் போதும், உறவும் பகையும் தொடங்கிவிடும். கலியாணப் பேச்சுக்காலில் குறிப்பைக் கையில் வாங்கும் சாத்திரியார் நட்சத்திரப் பொருத்தத்தை விரலில் எண்ணி முடித்ததும் கண்ணை ஓட்டுவது இந்த அறைகளின் மேல்தான்.

எல்லாச் சேர்க்கைக்கும் ஒரே மரியாதை கிடையாது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே இரண்டும் கூடிய சாதகத்துக்குத் திருகோணமலையில் என்றும் தட்டுப்பாடு வந்ததில்லை. புத ஆதித்திய யோகம் என்று அதற்குப் பெயர். மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்பதற்கு வேறு சான்று அகப்படாதபோது தரகர் இதை எடுத்துச் சொல்வார். சந்திரனும் சனியும் கூடினால் புனர்பூ, கலியாணம் தாமதமாகும் என்பார்கள். பெரும்பாலும் தாமதமான பிறகுதான் அது கண்ணில் படும்.

வீட்டாரின் முகத்தை மாற்றுவது சூரியனும் செவ்வாயும் சேரும் சேர்க்கை. செவ்வாய் இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் நின்றாலே குற்றம். அதிலும் எட்டு என்றால் குரல் தணியும். பன்னிரண்டில் ஐந்து வீட்டைக் குற்றத்துக்கு ஒதுக்கியபின் விதிவிலக்கு இல்லாமல் ஊரில் தாலி ஏறாது. ஆட்சி, உச்சம், வியாழன் பார்வை, சூரியனை நெருங்கி அஸ்தமனம் என்று விலக்குகள் வளர்ந்துகொண்டே போகும். விதி ஒரு வரி, விலக்கு ஒரு பக்கம். பொம்பிளை பகுதிச் சாத்திரியாருக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

இலங்கைத் தமிழர் இந்தக் கெடுதலுக்குக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். பாபக் கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துப் புள்ளியிட்டு, கூட்டி வரும் எண்ணைப் ‘பாவம்’ என்று மணமக்கள் தேவை விளம்பரத்தில் போடுவார்கள். இரு பக்கத்துப் பாவமும் கிட்டத்தட்ட சரிவந்தால் நல்லது. பாவம் என்றால் வீடு, தீவினை, இரக்கம் என மூன்று பொருள். பேச்சுக்கால் நடக்கும் வீட்டில் மூன்றும் ஒரே பின்னேரத்தில் பயன்படும்.

சூரியனும் செவ்வாயும் ஏறத்தாழ 780 நாளுக்கு ஒருமுறை சந்திக்கின்றன. 2000ஆம் ஆண்டு ஆனி மாதம் முழுவதும் இரண்டும் மிதுனத்தில் இருந்தன. அந்த ஒரு மாதத்தில் உவர்மலையில் பிறந்தாலும் சம்பூரில் பிறந்தாலும் ஒஸ்லோவில் பிறந்தாலும் சேர்க்கை ஒன்றே. உலகத்துக்கே பொதுவான ஒன்றை வைத்து ஒரு வீட்டுச் சம்பந்தத்தைக் குழப்ப முடியாது. அது எத்தனையாம் வீட்டில் விழுகிறது என்பதே கேள்வி. அதை இலக்கினம் தீர்மானிக்கும். இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். அதைப் பிறந்த நேரம் தீர்மானிக்கும். பிறந்த நேரத்தை ஆசுபத்திரிச் சுவர்க்கடிகாரம் தீர்மானிக்கும். கடிகாரத்தைத் தீர்மானித்தது அரசாங்கம்.

மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி திருப்பிக் கொடுக்கப்பட்டது. மீதி அரைமணி 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி வந்து சேர்ந்தது. இடைப்பட்ட பத்து ஆண்டில் மக்கள் ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேட்டுத்தான் எங்கும் போனார்கள். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. திருகோணமலை நகரில் மணி ஆறு அடிக்கும்போது கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரத்துச் சம்பூரில் ஐந்தரை. கடலைக் கடந்து அரைமணி இளமையாக இறங்கும் வசதி அந்நாளில் இம்மாவட்டத்தில் இருந்தது.

சாதகத்தில் இந்த அரைமணி செய்யும் வேலை பெரிது. 2000 யூலை 1ஆம் திகதி பிற்பகல் 3.20க்குத் திருகோணமலையில் ஒரு பெண்பிள்ளை பிறந்ததாகக் கொள்ளலாம். அது பழைய நேரமானால் விருச்சிக இலக்கினம். சூரியனும் செவ்வாயும் எட்டில். புது நேரமானால் பழைய கணக்கில் 2.50, துலா இலக்கினம்; அதே இரண்டும் ஒன்பதில், பாக்கிய வீட்டில். கிரகங்கள் அசையவில்லை, வீடு மட்டும் நகர்ந்தது. மாப்பிள்ளை பகுதி எட்டைக் காட்டினால், பொம்பிளையின் பெரியம்மா அந்தக் கடிகாரம் புது நேரந்தான் காட்டியது, அதன் கீழே நின்றுதான் தேத்தண்ணீர் குடித்தேன் என்று நினைவுகூர்வார். சாத்திர நூல்கள் பெரியம்மாவைக் குறிப்பிடுவதில்லை; அது அந்நூல்களின் குறை.

கடிகாரத் தகராறு தீர்ந்தாலும் பஞ்சாங்கத் தகராறு இருக்கிறது. கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு வீட்டில், திருக்கணிதம் அடுத்த வீட்டில். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தையே இரண்டும் வேறுவேறாகச் சொல்லும். அண்மையில் சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய 11 மாதம் ஒரே சனி இரண்டு வீட்டில் குடியிருந்தது. இங்கே வீட்டு இலக்கத்தோடு சேர்க்கையே மாறிவிடும். 2025 ஆடியில் பிறந்த குழந்தைக்கு வாக்கியப்படி சனியும் இராகுவும் கும்பத்தில் ஒன்றாக. திருக்கணிதப்படி சனி மீனத்தில், இராகு கும்பத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதைச் சம்பந்தம் விருப்பமா இல்லையா என்று தெரிந்த பிறகு முடிவு செய்வதே வழக்கம்.

பரிகாரம் எளிது. செவ்வாய்க்குச் செவ்வாய் தேடிச் சேர்ப்பது முதல் வழி. வாழைக்குத் தாலி கட்டுவது இரண்டாவது. மாப்பிள்ளை வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் உள்ளவரானால் பாவப் புள்ளிகள் தாமாகவே சரிவருவதும் உண்டு. இதற்குச் சாத்திரத்தில் பெயர் இல்லை.

1942க்கும் 1945க்கும் இடையில் போருக்காகவும் இலங்கையின் கடிகாரங்கள் முன்னே தள்ளப்பட்டிருந்தன. துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நின்ற காலத்தில் பிறந்த அந்தத் தாத்தாக்களின் குறிப்பை இன்று எவரும் விரிப்பதில்லை. புது நேரத்துப் பிள்ளைகளில் கடைசியானவர்கள் 2006 சித்திரைக்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கும் கலியாணம் முடியும்வரை அந்த அரைமணி சாத்திரியாரின் மேசையில்தான் கிடக்கும்.