முதுகுப் பக்கம் மறையும் சூரியன்

வங்கக் கடலோரத்துக்காரர்களுக்குக் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சாயங்காலம் கூடுகிற குடும்பங்களெல்லாம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, சூரியன் முதுகுப் பக்கமாக ஊருக்குள் இறங்கிவிடும். அஸ்தினாபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. எங்களிடம் மொட்டை மாடி இருந்தது.

அப்போது தெருவில் பெரும்பாலும் தாழ்ந்த வீடுகள்தான். தென்னை மட்டைகளுக்கு மேலே, ரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் அப்பால் பச்சைமலை தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே தாம்பரம் பக்கம் ஒதுங்கி இறங்கும். ஆனி மாதத்தில் வடக்கே நகர்ந்திருக்கும். அது திரும்புகிற இடத்தைத் தென்னை மரங்களை அடையாளம் வைத்தே பாட்டி சொல்லிவிடுவாள்.

கோடையில் அந்த நேரத்துக்குத்தான் வடாம் எடுக்கும் வேலை. காய்ந்த வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, துணியை இழுத்துப் பிடித்து அம்மா ஒவ்வொன்றாக உரிப்பாள். ஓரம் முறுகி நடுவில் மெத்தென்றிருக்கும் ஜவ்வரிசி வடாம் எங்கள் பங்கு. அதற்குள் கடல் காற்று வந்துவிடும். நிலம் சூடேறி மேலெழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து வரும் காற்று அது. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மே மாத நாட்களில் தாமதமாகும். அன்று சுவர்கூடக் கொதிக்கும். கடல் காற்று பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டி வந்து சேர்ந்ததும் கொடியில் கிடக்கும் புடவைகள் மேற்கே பார்த்துப் படபடக்கும். "காத்து திரும்பிடுச்சு" என்று அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டு உட்காருவார். எங்களுக்கு அதுதான் கடல்.

பௌர்ணமியன்றுதான் கடற்கரைக்கே போவோம். குரோம்பேட்டையில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பெசன்ட் நகருக்கு பஸ். சூரியன் பின்னால் விழுந்துகொண்டிருக்கும்போதே நிலா முன்னால் கடலிலிருந்து எழும். கிழக்குக் கடற்கரைக்கென்றே வாய்த்த காட்சி அது. அந்த மீட்டர் கேஜ் ரயில் 2004-இல் நின்றது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். தெருவெல்லாம் அடுக்குமாடி. எங்கள் மேற்குப் பக்கத்தை ஒரு பெரிய சுவர் அடைத்துவிட்டது. மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி அசோசியேஷனிடம். குடியிருக்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது மாடியைத் திறந்துவிட வேண்டும். வானம் பார்க்க மனு போட வைப்பது அநியாயம்.

இப்போது எங்கள் மாலைப் பொழுது சிட்லபாக்கம் ஏரிக்கரையில். குப்பை கொட்டிய ஏரி அது. 'சிட்லபாக்கம் ரைசிங்' போன்ற உள்ளூர்க்காரர்களின் அமைப்புகள் விடாமல் மல்லுக்கு நின்றதால்தான் தூர்வாரிக் கரையும் நடைபாதையும் வந்தன. கிழக்குப் பக்கம் நின்றால் சூரியன் மறைவது தண்ணீரிலும் தெரிகிறது. கடல் கொடுக்காததை ஏரி கொடுக்கிறது. அதில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் கலக்க விடக்கூடாது. அதற்காக நடக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகிறேன்.

கார்த்திகை பிறந்தால் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். நாலரைக்கே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "பேத்திய கூப்பிடு, ஹோம்வொர்க்க வந்து பாத்துக்கலாம்."