மிளகுத்தண்ணிக்குப் பீசு கட்டுன பேராண்டி

ஏலே பேராண்டி, தென்காசியில இங்கிலீசு கிளாசுக்குப் போறியாமே! சூரியகாந்தி பூத்ததும் நம்மூருக்குப் படம் பிடிக்க வாரவுககிட்ட நாலு வார்த்தை பேசணும், அதான? போ, நல்லாப் படி. ஆனா வாத்தியார் ‘மல்லிகடானி’ன்னு ஒரு சூப்பு பேரைச் சொல்லிக்குடுத்தா பாதிப் பீசைத் திருப்பிக் கேட்டுரு. சளி பிடிச்சா உங்க ஆச்சி வச்சுக்குடுக்காளே மிளகுத்தண்ணி, அதேதான். வெள்ளக்காரன் அதுல கறியும் சோறும் அள்ளிப்போட்டு சூப்புன்னுட்டான். மெட்ராஸ் மாகாணத்துல உத்தியோகம் பாத்த துரைமாருக்கு, அதைச் சுருக்கி ‘மல்’லுன்னே பட்டப்பேரு!

கதை விடுதேன்னு நெனைக்காத. யூல், பர்னல்னு ரெண்டு துரைமாரு தொகுத்த அகராதியில இருக்கு. 1886-ல அச்சாச்சு. பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு. பாவம், புத்தகத்தைக் கண்ணால பாக்காமலே போயிச் சேந்துட்டாரு. அதுக்குப் பேரு ‘ஹாப்சன்-ஜாப்சன்’. எவனோ அண்ணன் தம்பின்னு நெனைப்ப. மொகரத்துல ‘யா ஹசன், யா ஹுசைன்’னு மாரடிச்சு அழுதது வெள்ளச் சிப்பாய் காதுல அப்படி விழுந்திருக்கு. இந்தக் காதை வச்சுக்கிட்டுத்தான் அவன் நாட்டையே ஆண்டான். நீ என்னடான்னா, நாக்கு சுழல மாட்டேங்குன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க.

கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆச்சு, சுருட்டு ‘செரூட்’ ஆச்சு. அணைக்கட்டு, மராமத்துக் கணக்குல ‘அனிகட்’னு ஏறிச்சு. இப்ப சித்தாத்துத் தண்ணியில வயல் பாய்ச்சுத நம்மாளே அனிகட்டுங்கான்!

அதுக்காக, நேத்து திண்ணையில போனைப் பாத்து ‘கேஷ்னா நம்ம காசுதான்’னு முழங்குனியே, அங்கதான் இடிக்கு. சீனத்துலயும் இந்தப் பக்கமும் புழங்குன சில்லறைக்கு வெள்ளக்காரன் சொன்ன கேஷ், நம்ம காசு. பாங்குல நீ கட்டுத கேஷ், பிரெஞ்சு இத்தாலிப் பக்கத்துப் பணப்பெட்டி. பேரு ஒத்துப்போச்சுன்னு அடுத்தவன் சொத்துல பங்கு கேப்பியாலே?

இன்னொண்ணு இருக்கு. ஊரே ஒதுக்கி வச்சவனை இங்கிலீசுல ‘பரையா’ம்பான். அதுவும் இங்கேருந்து போனதுதான். பறையடிச்ச சனத்தோட பேரு. ஒதுக்கி வச்சது நாம, அவன் பாத்து எழுதிக்கிட்டான். கட்டுமரம், சுருட்டுன்னு கணீர்னு வாசிச்சிட்டு வந்தவன், இங்க வந்ததும் ஏன்லே முழுங்குத?