ஒலிம்பிக் தங்கமும் ஓரிக்கைச் சரிகையும்: ஓர் உரைகல் ஆய்வு

ஒலிம்பிக் கூடைப்பந்து நினைவுப்பொருள் சேகரிப்பு என்னும் துறைக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இன்றைய தேதியில் நானறிந்த ஆய்வாளர் ஒருவர்தான், அது நான். சேகரிப்பு மொத்தம் ஒரு பின். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமான மீஷா கரடி, கையில் கூடைப்பந்தோடு. இந்த ஒற்றைச் சான்றை வைத்துக்கொண்டு முடிவுகளுக்கு வருவது சரியா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு பானையோட்டை வைத்து ஒரு நாகரிகத்தையே எழுப்புகிறவர்களை முதலில் கேட்கட்டும்.

ஊர்ப்பெயரில் தொடங்குவதுதான் ஆய்வு மரபு. பல்லவ மன்னன் புலவர் கணிகண்ணனைக் காஞ்சியைவிட்டுப் போகச் சொன்னான். குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். அவர் சொல்கேட்டுப் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அன்றிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, மருவி ஓரிக்கை. இந்தியக் கூடைப்பந்தின் ஒலிம்பிக் வரலாறும் ஓரிரவிருக்கையே. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததால் 1980இல் அமெரிக்கா பாயைச் சுருட்டியது. கூடவே அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள். காலியான இடத்தில் நம் ஆண்கள் அணி போய் உட்கார்ந்தது. ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. சோவியத்திடம் மட்டும் 65க்கு 121. அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். அந்தக் கணக்கில் மாஸ்கோ போய்ச் சேர அறுபது வருஷம்.

இனிப் பதக்கம். 2024 பாரிஸ் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அதில் தங்கம் 6 கிராம்தான். ஐஃபில் கோபுரத்து இரும்பு 18 கிராம், மற்றதெல்லாம் வெள்ளி. தங்கத்தைவிட இரும்பு மூன்று மடங்கு என்பதை எந்த வீரரும் மேடையில் கடித்துப் பார்க்கும்போது யோசிப்பதாகத் தெரியவில்லை. காஞ்சிபுரத்துச் சரிகையிலோ வெள்ளி 40 விழுக்காடு, தங்கம் அரை விழுக்காடு. மிச்சம் செம்பும் பட்டும். அதாவது ஒலிம்பிக் தங்கம் என்பது நம் சரிகையைப் போல இரண்டு மடங்கும் கொஞ்சமும் தங்கம் சேர்ந்த, தட்டையான, கட்டிக்கொள்ள முடியாத ஒரு சரிகை. இது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

எந்தச் சேகரிப்பாளருக்கும் கிட்டாத பதக்கங்கள் ஒலிம்பிக் கமிட்டியின் தலைமையகமான லோசானில் இருக்கின்றன. 1972 மியூனிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தின் கடைசி மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஆடவைத்ததில் சோவியத் 51க்கு 50 என்று வென்றது. அமெரிக்கர்கள் பந்தியில் கோபித்துக்கொண்டு தாம்பூலம் வாங்காமல் போன சம்பந்தி வீட்டாரைப் போலப் போனவர்கள்தான். பன்னிரண்டு வெள்ளியில் ஒன்றைக்கூட வாங்கவில்லை. அணித்தலைவர் கென்னி டேவிஸ், தன் வாரிசுகளும் வாங்கக்கூடாதென்று உயிலிலேயே எழுதிவைத்தார். நம் பக்கத்தில் இந்த அளவு வீம்பு பங்காளித் தகராறில் மட்டுமே காணக்கிடைக்கும்.

களஆய்வுக்காகப் பின்னை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் போனேன். சரிகை என்றால் ஒரு இழையை இழுத்து நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். கரடியையும் அப்படியே சுரண்டினார். காது ஓரத்தில் வெளுப்பாகத் தெரிந்தது.

"அலுமினியம் சார்."

"சோவியத் காலத்துது, அண்ணே."

"அலுமினியம்தான். அது சரி, நம்மாளுங்க எத்தனாவது வந்தாங்க?"

"பன்னெண்டாவது."

"பரவால்லியே! எத்தனை டீமு?"

"பன்னெண்டு."

தறியை நிறுத்தியவர், வேட்டி நுனியால் கரடியைத் துடைத்து, ஊக்கை மாட்டி என் உள்ளங்கையில் வைத்தார்.